சர்க்கரை போட்ட அடோபோதானா ஹும்பா?

2024 ஜூன் 8, இரவு

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னோடு வேலை செய்யும் மணிலாக்காரர், ஹும்பா என்று தனியாக ஒன்றும் கிடையாது, அடோபோவில் சர்க்கரையை அள்ளிப் போட்டால் அதுதான் ஹும்பா என்று சாதிக்கிறார். நீங்கள் தாவோவில் இருக்கிறீர்கள். உண்மையா?"

இல்லை. மணிலாக்காரர் சொல்வது தவறு.

அடோபோ பிலிப்பைன்ஸ் முழுக்கச் செய்வது, வினிகரில் வேக வைத்த கறி. ஹும்பா இந்நாட்டின் நடுவே உள்ள விசயாத் தீவுகளின் பண்டம், இனிப்பாக வேக வைத்த கொழுப்புப் பன்றிக்கறி. செபு, லெய்ட்டே, போஹோல் பக்கத்துக்காரர்கள் பிழைப்புத் தேடித் தெற்கே மிந்தனாவோ தீவுக்கு வந்தபோது அவர்களோடு இதுவும் இங்கே தாவோ நகருக்கு வந்தது. நான் மருத்துவம் படிக்க வந்து முதல் நான்கு ஆண்டுகள் தங்கியிருந்த வீட்டின் அம்மாவும் லெய்ட்டேக்காரர்தான். எல்லோரும் அவரை நானாய் என்று அழைப்போம்; அம்மா என்று பொருள். அவர் என்னை டோங் என்பார், தம்பி என்பது போல. அவர் வீட்டில் அடோபோ சாதாரண நாட்களில் வரும். ஹும்பா வந்தால் அன்று யாருக்கோ பிறந்தநாள், அல்லது ஊரில் திருவிழா.

இரண்டிலும் பன்றிக்கறி, வினிகர், சோயா சாறு, பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை உண்டு. சாமான் பட்டியலை மட்டும் பார்த்தால் மணிலாக்காரருக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் வேர் வேறு. ஹும்பா என்ற பெயரே ஹொக்கியென் சீனத்தின் ஹோங் பா என்பதிலிருந்து வந்தது. பா என்றால் இறைச்சி. சீனாவின் ஃபூஜியனிலிருந்து வந்த வணிகர்கள் விட்டுச் சென்ற சமையல் இது. சோயாவிலும் சர்க்கரையிலும் கொழுப்புக் கறியை மணிக்கணக்கில் வேக வைக்கும் அதே குடும்பம். நீங்கள் சிங்கப்பூரில் இருப்பதால் ஹொக்கியென் கடைகளில் தௌ யூ பாக் சாப்பிட்டிருப்பீர்கள். ஹும்பாவுக்கு அதுதான் ரத்த உறவு.

அடோபோவின் கதை நேர் எதிர். பெயர் மட்டும் ஸ்பானியம். ஊற வைப்பது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. வினிகரில் கறியை வேக வைக்கும் வழக்கம் ஸ்பானியர் வருவதற்கு முன்பே இங்கே இருந்தது. 1613-இல் ஒரு ஸ்பானியத் துறவி தொகுத்து அச்சிட்ட தகாலொக் அகராதியில் இதை "இந்நாட்டவரின் அடோபோ" என்று குறித்திருக்கிறார். தங்கள் ஊர் அடோபோ இதுவல்ல என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

ஒன்று வெயில் நாட்டில் கறி கெடாமல் இருக்கப் பிறந்தது. மற்றது கறியை உருக வைக்கப் பிறந்தது. சர்க்கரை ஒன்றும் ஒன்றை மற்றதாக ஆக்கிவிடாது.


2024 ஜூன் 9

அளவு கேட்டு நான்கு பேர் எழுதிவிட்டார்கள். நானாய் அளந்து போடுபவர் அல்ல. நான் அவர் பக்கத்தில் நின்று, அவர் கை அள்ளியதைக் கரண்டியில் கொட்டி அளந்து எழுதி வைத்தது இது.

தோலோடு கூடிய வயிற்றுக் கறி ஒரு கிலோ. இங்கே லியெம்போ என்று கேட்க வேண்டும். தீப்பெட்டி அளவுக்குத் துண்டு போடுங்கள். சிறிதாக வெட்டினால் இரண்டு மணி நேரத்தில் கரைந்து காணாமல் போய்விடும். தோலை உரித்துவிட்டு ஹும்பா செய்வதற்குச் செய்யாமலே இருக்கலாம். குழம்பு உதட்டில் ஒட்டுவதே தோலில் உள்ள பசையால்தான்.

தென்னங்கள் வினிகர் அரை கப். சோயா சாறு அரை கப். தண்ணீர் இரண்டு கப். ஒரு முழுப் பூண்டைத் தட்டிப் போடுங்கள். முழு மிளகு ஒரு தேக்கரண்டி. பிரிஞ்சி இலை மூன்று. தவ்சி, அதாவது உப்பில் புளிக்க வைத்த கறுப்புச் சோயா பயறு, இரண்டு மேசைக்கரண்டி. உலர்ந்த வாழைப்பூ ஒரு கைப்பிடி. கறுப்புச் சர்க்கரை நான்கு மேசைக்கரண்டி. இங்கே நீக்ரோஸ் தீவிலிருந்து வரும் மஸ்கொவாடோ கிடைக்கிறது. அன்னாசிப்பூ ஒன்று, பிடித்தால்.

சர்க்கரை, தவ்சி, வாழைப்பூ தவிர மற்ற எல்லாவற்றையும் பச்சையாகவே சட்டியில் போட்டு அடுப்பில் வையுங்கள். எண்ணெய் வேண்டாம், வதக்க வேண்டாம். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி, ஒரு மணி நேரம். பிறகு மீதி மூன்றையும் போட்டு இன்னும் ஒரு மணி நேரம். கடைசி இருபது நிமிடம் மூடியை எடுத்துவிடுங்கள். குழம்பு வற்றிப் பளபளவென்று கறியைப் பூசிக்கொள்ளும்.

சர்க்கரையை ஏன் முதலிலேயே போடக் கூடாது என்று நானும் கேட்டேன். "அடி பிடிக்கும், டோங்." அவ்வளவுதான் பதில். வேறு காரணம் தேவையும் இல்லை.


2024 ஜூன் 10

நேற்றைய அளவில் பிழை. சோயா சாறு அரை கப் என்று எழுதியது தவ்சி இல்லாமல் செய்யும்போது. தவ்சி போட்டால் மூன்றில் ஒரு பங்கு கப் போதும். தவ்சியே உப்புக்கட்டி, ஒரு முறை தண்ணீரில் அலசிவிட்டுத்தான் போட வேண்டும். நேற்றே செய்துவிட்டவர்கள் குழம்பில் வெந்நீர் சேர்த்து இன்னும் ஒரு கொதி விடுங்கள். உப்பு எதுவும் தனியாகப் போடாதீர்கள்.

பிரிஞ்சி இலை பற்றியும் ஒரு குறிப்பு. நம் ஊர் பிரியாணியில் விழும் இலையும் இங்கே லாரெல் என்று விற்கும் இலையும் வேறு வேறு மரம். நம்முடையதில் மூன்று நரம்புகள் நீளவாக்கில் ஓடும், பட்டை வாசனை வரும். லாரெலில் நடுவே ஒரே நரம்பு. நம் இலையைப் போட்டால் குடி ஒன்றும் மூழ்கிவிடாது. ஆனால் மூன்று வேண்டாம், ஒன்று போதும்.


2024 ஜூன் 15

விடியற்காலை பங்கேரோஹான் சந்தைக்குப் போய் வந்தேன். இந்தச் சந்தை இரவிலும் அடங்குவதில்லை. மூன்று மணிக்கே காய்கறி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருக்கும். கறிக்கடைப் பெண்ணிடம் ஹும்பாவுக்கு என்று சொன்னேன். கையில் எடுத்திருந்த துண்டைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டு, கொழுப்பும் சதையும் மாறி மாறி ஐந்து அடுக்கு தெரிந்த வேறொரு துண்டை எடுத்துக் கொடுத்தார். அடோபோவுக்கு என்று சொல்லியிருந்தால் முதலில் எடுத்ததையே கொடுத்திருப்பார். மணிலா நண்பர் இதையும் கேட்டுக்கொள்ளட்டும். கறிக்கடைக்காரிக்கே இரண்டும் வேறு.

விலைதான் கடிக்கிறது. 2019-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் நுழைந்தது. கொட்டில் கொட்டிலாகப் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். 2021 பிப்ரவரியில் மணிலாவில் பன்றிக்கறிக்கு அரசு உச்ச விலை வைக்க வேண்டிய நிலை வந்தது. அதன் பிறகு நானாய் ஒரு கிலோ கறியோடு அரைக் கிலோ சபா வாழைக்காயும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் சேர்க்கத் தொடங்கினார். சபா என்பது நம் மொந்தன் போலத் தடித்தது. பழுத்ததை நீளமாகக் கீறி எண்ணெயில் சிவக்க வறுத்து, இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு குழம்பில் இட வேண்டும். வேர்க்கடலையைக் கறியோடு ஆரம்பத்திலேயே போட்டு வேக விட வேண்டும். பணம் இல்லாத வருடத்தில் சேர்ந்த பழக்கம். இப்போது அவை இல்லாவிட்டால் எனக்கு ஹும்பாவில் ஏதோ குறைகிறது.


2024 ஜூன் 16

வினிகர் ஊற்றிய பின் கொதி வரும் வரை கிளறக் கூடாது, கிளறினால் வினிகர் பச்சையாகவே நின்றுவிடும் என்பது இந்த நாடு முழுக்க உள்ள விதி. எந்த வீட்டுச் சமையலறையிலும் இதைக் கேட்கலாம். இரண்டு பேர் காரணம் கேட்டிருந்தார்கள். காரணம் சொல்வதற்கு முன்பு விதி உண்மையா என்று பார்க்க நினைத்தேன்.

இரண்டு சட்டி, ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ கறி, ஒரே அளவு சாமான். ஒன்றை வினிகர் ஊற்றியதுமே நன்றாகக் கிளறினேன். மற்றதைத் தொடவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, எது எந்தச் சட்டி என்று சொல்லாமல் உடன் தங்கியிருக்கும் மூவருக்குக் கொடுத்தேன். ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

அடுத்து, ஒரு சட்டியை மூடியே வைத்தேன்; மற்றதை முதல் பத்து நிமிடம் திறந்து கொதிக்க விட்டேன். இங்கேதான் வித்தியாசம். திறந்து வைத்ததில் மூக்கைக் குத்தும் வாடை போய்விட்டது. புளிப்பு மட்டும் போகவில்லை. அசெட்டிக் அமிலத்தின் கொதிநிலை 118 டிகிரி; தண்ணீருக்கு 100. வினிகர் கலந்த நீர் கொதிக்கும்போது அமிலத்தைவிடத் தண்ணீர்தான் முந்திக்கொண்டு ஆவியாகும். கொதித்தால் புளிப்பு போய்விடும் என்பது நம் கற்பனை. நாக்கில் புளிப்பு தணிந்ததாகத் தெரிவது கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் அதைத் தாங்கிப் பிடிப்பதால்.

ஆகவே, முதல் பத்து நிமிடம் மூடாதீர்கள். கிளறுவதும் கிளறாததும் உங்கள் விருப்பம்.


2024 ஜூன் 16, மாலை

நானாயிடம் போனில் சொன்னேன். விதி பொய் என்று நிரூபித்துவிட்டதாக. பொறுமையாகக் கேட்டார். "சரி. ஆனால் கிளறாதே. கறி உடையும்."

இரண்டு மணி நேரம் வெந்த தோல் கரண்டி பட்டால் கிழியும் என்பது உண்மைதான். சட்டியின் இரு காதுகளையும் பிடித்துக் குலுக்கினால் போதும். காரணம் எதுவானாலும், கரண்டியை எடுக்காத கை பிழைத்தது. காலையில் எழுதிய "உங்கள் விருப்பம்" என்பதைத் திரும்பப் பெறுகிறேன்.


2024 ஜூன் 22

இது முக்கியமான திருத்தம். ஜூன் 9 குறிப்பைப் படித்துச் சமைப்பவர்கள் இதையும் படித்துவிடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தோட்டத்து வாழைப்பூவை மடல் பிரித்து, பூக்களில் நரம்பு நீக்கி, மோரில் போட்டு எடுத்து, இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, ஹும்பாவில் போட்டிருக்கிறார். குழம்பு கறுத்துத் துவர்த்துப் போனதாம். ஒரு கிலோ கறி வீண்.

குற்றம் முழுக்க என்னுடையது. வாழைப்பூ என்று எழுதினேன், ஏனென்றால் இங்கே பொட்டலத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள். கடையில் வாழைப்பூ என்றுதான் கேட்கிறோம், நானாயும் அப்படித்தான் சொல்வார். அந்த அம்மாவின் கடிதத்தைப் படித்த பிறகு சமையலறையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைத் தண்ணீரில் ஊற வைத்துப் பார்த்தேன். விரல் நீளம், மஞ்சள் கலந்த பழுப்பு, ஒரே தண்டாக மூடிய மொட்டு. வாழைப்பூவில் இருக்கும் நரம்பும் இல்லை, கள்ளனும் இல்லை. நான்கு ஆண்டுகள் தின்றிருக்கிறேன், ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை.

அது வாழைப்பூவே அல்ல. டே லில்லி என்ற செடியின் உலர்ந்த மொட்டு. சீனர்கள் தங்க ஊசி என்று அழைத்து சூப்பிலும் கறியிலும் போடுவது. பிலிப்பைன்ஸுக்கு வந்ததும் எப்படியோ வாழைப்பூ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இதுவும் ஹொக்கியென் சமையலறையிலிருந்து வந்த சரக்குதான் என்பதைக் கவனியுங்கள். நான் ஜூன் 8 அன்று சொன்னதற்கு இன்னொரு சாட்சி.

சீனப் பலசரக்குக் கடைகளில் கிடைக்கும். இருபது நிமிடம் வெந்நீரில் ஊற வைத்து, காம்புப் பக்கத்துக் கடினமான நுனியைக் கிள்ளி எறிந்து, ஒவ்வொன்றையும் ஒரு முடிச்சுப் போட்டுக் குழம்பில் இடுங்கள். முடிச்சுப் போட்டால் நார் நாராகப் பிரியாது, கடிக்கும்போது குழம்பையும் பிடித்து வைத்திருக்கும். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். வேறு எந்தப் பூவும் வேண்டாம்.

நாகர்கோவில் அம்மாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இங்கேயும் கேட்கிறேன்.


2024 ஜூன் 23

அன்னாசிப்பூ என்று எழுதியிருக்கிறீர்களே, அன்னாசிப் பழத்தின் பூவா, எங்கே வாங்குவது என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார்.

நேற்று அந்தக் குழப்பத்தை எழுதி முடித்த கையோடு இது. அன்னாசிப்பூ என்பது எட்டு இதழ் நட்சத்திரம் போல, பிரியாணிக்குப் போடுகிறோமே, அது. அன்னாசிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது பூவும் இல்லை, காய். நமக்கு அன்னாசியே இல்லாத அன்னாசிப்பூ, இவர்களுக்கு வாழையே இல்லாத வாழைப்பூ.

ஆனால் கேள்வி வேறொன்றை நினைவுபடுத்தியது. பலர் ஹும்பாவில் அன்னாசிச் சாறு ஊற்றுவார்கள். மிந்தனாவோ அன்னாசி விளையும் மண். புக்கிட்னோனிலும் போலோமோலோக்கிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் அன்னாசித் தோட்டம். டின் சாறு ஊற்றினால் இனிப்பும் புளிப்பும் மட்டும் சேரும். பச்சை அன்னாசியில் கறியை ஊற வைத்தால் அதிலுள்ள நொதி சதையைக் குழைத்துவிடும். டின்னில் அடைக்கும்போது சூடாக்குவதால் அந்த நொதி செத்துவிடுகிறது. என்னைக் கேட்டால் இரண்டுமே வேண்டாம். அன்னாசி வந்தால் தவ்சியின் மணம் ஒதுங்கி நின்றுவிடும்.


2024 ஜூன் 30

குக்கர். ஒன்பது பேர் கேட்டுவிட்டீர்கள்.

செய்து பார்த்தேன். முதல் முறை எல்லாவற்றையும் போட்டு ஆறு விசில் விட்டேன். சர்க்கரை அடியில் பிடித்துக் கரிந்த வாடை, சதை நூல் நூலாகப் பிரிந்திருந்தது, தோல் மட்டும் அருமை. இரண்டாம் முறை சர்க்கரையும் தவ்சியும் இல்லாமல், தண்ணீரைப் பாதியாக்கி, சிறு தீயில் நான்கு விசில். ஆவி தானாக அடங்கிய பிறகு அகலமான சட்டிக்கு மாற்றி, சர்க்கரை, தவ்சி, மொட்டு போட்டு, திறந்தபடியே அரை மணி நேரம் வற்ற விட்டேன். சரியாக வந்தது. நேரமில்லாதவர்கள் இரண்டாம் வழியில் செய்யுங்கள்.

சட்டியில் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டா என்றால், உண்டு. குக்கரில் கறி மெத்தென்று ஆகிவிடுகிறது, ஆனால் குழம்பு அதன் உள்ளே போகவில்லை. இரவு முழுக்க ஊற விட்டு மறுநாள் சுட வைத்தால் அந்த வித்தியாசமும் பெரும்பாலும் மறைந்துவிடும். அடோபோவைப் போலவே ஹும்பாவும் மறுநாள் பண்டம். குளிர்ந்ததும் மேலே வெள்ளையாக உறையும் கொழுப்பில் பாதியை எடுத்துவிடலாம். அதன் கீழே குழம்பு கூழாக உறைந்து ஆடும். தோல் கரைந்ததன் அடையாளம் அது. ஆடவில்லை என்றால் இன்னும் வெந்திருக்க வேண்டும்.


2024 ஜூலை 7

வினிகரைப் பற்றி இரண்டு வரியில் முடித்துவிட்டேன் என்று குறைபட்டிருக்கிறார் ஒருவர். நியாயம்.

இந்த நாட்டில் வினிகர் என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் புரியாது. எந்த வினிகர் என்று கேட்பார்கள். வடக்கே இலோக்கோஸ் பக்கம் கரும்புச் சாற்றில், கறுத்துக் கிடக்கும். புலாக்கானில் பாவோம்போங் என்ற ஊர் நிப்பா பனையின் பதநீரில் செய்யும் வினிகருக்குப் பேர்போனது. விசயாவிலும் மிந்தனாவோவிலும் தென்னை. பாளை சீவி இறக்கும் கள்ளுக்கு இங்கே துபா என்று பெயர். விசயாவில் அலையாத்தி மரப்பட்டையைப் பொடித்துப் போட்டு அதைச் சிவக்க வைப்பார்கள். குடித்தது போக நின்றது புளித்து வினிகராகும். பாளையும் கலயமும் பார்த்து வளர்ந்தவன் நான். சந்தையில் பழைய பாட்டிலில் ஊற்றி விற்கும் சுகாவின், அதாவது வினிகரின், மூடியை முதன்முதலாகத் திறந்தபோது எந்த ஊரில் நிற்கிறேன் என்று ஒரு நொடி தெரியவில்லை.

மிளகாயும் இஞ்சியும் மிதக்கும் வினிகர் வேண்டாம். அது சுட்ட மீனுக்கும் கறிக்கும் தொட்டுக்கொள்ள. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் பாட்டிலின் சீட்டைப் படியுங்கள். செயற்கை வினிகர் என்றிருந்தால் அது அமிலத்தைத் தண்ணீரில் கரைத்தது. புளிப்பு மட்டும் இருக்கும், மணம் இருக்காது. வேறு வழியில்லை என்றால் மூன்றில் இரண்டு பங்கு அளவு ஊற்றுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை, தென்னை வினாகிரி உங்கள் கடையிலேயே இருக்கிறது.

குடகில் பன்றிக்கறிக்கு ஊற்றும் கறுப்புக் கச்சம்புளியைப் போடலாமா என்று ஒரு கேள்வி. அது பழத்தைக் காய்ச்சி எடுப்பது, வினிகர் அல்ல. நல்ல கறி வரும். ஹும்பா வராது.

சர்க்கரைக்கு வருகிறேன். மஸ்கொவாடோ இல்லாவிட்டால் நாட்டுச் சர்க்கரை அப்படியே பொருந்தும். அம்மா அனுப்பிய கருப்பட்டி கொஞ்சம் இருந்தது, அதையும் ஒரு முறை போட்டுப் பார்த்தேன். சுவை அபாரம். ஆனால் வீடு முழுக்க எங்கள் ஊர்ப் பனங்காட்டு விடலியில் பதநீர் காய்ச்சும் மணம். சாப்பிட உட்கார்ந்தவன் தட்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தேன். ஹும்பாவுக்குக் கருப்பட்டியைப் பரிந்துரைக்க மாட்டேன். வைத்திருந்து பாயசத்துக்குப் போடுங்கள்.


2024 ஜூலை 13

சிங்கப்பூர் வாசகர் திரும்ப எழுதியிருக்கிறார். லக்கி பிளாசாவில் தவ்சியும் மொட்டும் வாங்கிவிட்டாராம். மணிலா நண்பர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "அடோபோவில் எத்தனையோ வகை இருக்கிறது, ஹும்பா அதில் ஒன்று" என்கிறாராம்.

வகை எத்தனையோ உண்டு, மறுக்கவில்லை. சோயா ஊற்றாத வெள்ளை அடோபோ, பத்தாங்காஸில் மஞ்சள் போட்டது, பிக்கோலில் தேங்காய்ப் பால் ஊற்றியது. 2021 ஜூலையில் இந்நாட்டு வணிகத் துறை அடோபோவுக்கு ஒரு தரநிர்ணயம் கொண்டுவரப்போவதாக அறிவித்ததும் நாடே கொதித்தது. என் பாட்டியின் அடோபோவை அளக்க நீ யார் என்று. கடைசியில், வெளிநாட்டில் அறிமுகப்படுத்த மட்டுமே, வீட்டுச் சமையலைத் தொட மாட்டோம் என்று விளக்கம் கொடுத்தார்கள். அப்போது நான் நானாய் வீட்டில் இருந்தேன். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே பூண்டு உரித்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் வகை என்பதற்கும் ஓர் எல்லை வேண்டாமா? வினிகரும் கறியும் சேர்ந்தாலே அடோபோ என்றால் கோவாவின் விண்டாலூவும் அடோபோதான். அதுவும் ஒயினும் பூண்டும் என்று பொருள்படும் போர்த்துகீசியப் பெயரோடு தென்னங்கள் வினிகரில் வெந்த பன்றிக்கறிதான்.


2024 ஆகஸ்ட் 18

கடாயவான் திருவிழா. நகரம் முழுக்கப் பூவும் பழமும் மேளமும். நானாய் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரிய சட்டியில் ஹும்பா. பக்கத்தில், தென்னங்குருத்தில் பின்னிய சிறு கூடுகளுக்குள் வெந்த புசோ என்ற சோறு. கூட்டைக் கீறிக் கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு இந்த விவாதத்தை முழுக்கச் சொன்னேன். மணிலாக்காரர் சொன்னதையும், அது தவறு என்று நான் எழுதியதையும், ஹொக்கியென் பெயரையும். பெயர்க் கதையைக் கேட்டதும் சிரித்தார். அவருக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது வேறு: ஹுமோட் என்றால் மணம், பபோய் என்றால் பன்றி, இரண்டும் சேர்ந்து ஹும்பா. மொழியறிந்தவர்கள் அதை ஏற்க மாட்டார்கள். சட்டியைத் திறந்தவர்கள் மறுக்கவும் மாட்டார்கள்.

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். லெய்ட்டேயில் அவர் அம்மா ஞாயிற்றுக்கிழமை அடோபோ செய்வாராம். குளிர்பெட்டி கிடையாது, வினிகர் இருப்பதால் தினமும் சுட வைத்து மூன்று நாள் ஓட்டுவார்கள். மூன்றாம் நாள் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். மீதியிருந்த அடோபோவில் ஒரு கட்டி கறுப்புச் சர்க்கரையும் இரண்டு வாழைக்காயும் போட்டு, இன்னும் ஒரு மணி நேரம் அடுப்பில் வைப்பார். "இன்று ஹும்பா" என்று சொல்லிக் கூப்பிடுவார். தவ்சி? ஊரில் சீனர் கடை ஒன்றுதான், அதற்கும் படகில் போக வேண்டும். திருவிழாவுக்கு மட்டும் வாங்குவார்கள். நானாயின் பத்துப் பன்னிரண்டு வயது வரை, அவருக்குத் தெரிந்த ஹும்பா பெரும்பாலும் சர்க்கரை போட்ட அடோபோதான்.

"அப்படியானால் அந்த மணிலாக்காரர் சொன்னது சரியா?" என்று கேட்டேன்.

"எங்கள் வீட்டில் சரி" என்றார்.

ஜூன் 8 அன்று எழுதியதை அழிக்கவில்லை. பெயர் வந்த வழி அதுதான், தவ்சியும் லில்லி மொட்டும் வந்த வழியும் அதுதான். அதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். ஆனால் அதன் கடைசி வரியில், சர்க்கரை ஒன்றை மற்றதாக ஆக்கிவிடாது என்று எழுதினேன். லெய்ட்டேயில் ஓர் அடுப்பில் வாரந்தோறும் ஆக்கிக்கொண்டிருந்தது. அந்த வரியை மட்டும் திரும்பப் பெறுகிறேன். மணிலா நண்பரிடம் இதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி சிங்கப்பூர் வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.


2024 ஆகஸ்ட் 25

மூன்றாம் நாள் ஹும்பாவைச் செய்து பார்த்தேன். ஞாயிறு அடோபோ: ஒரு கிலோ கறி, வினிகர் முக்கால் கப், சோயா கால் கப். திங்கள், செவ்வாய் சுட வைத்துச் சாப்பிட்டோம். செவ்வாய் இரவு மீதி அரைக் கிலோ போல இருந்தது. அதில் ஒரு கப் தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி மஸ்கொவாடோ, வறுத்த சபா இரண்டு. ஒரு மணி நேரம்.

தவ்சி போட்டதைவிடப் புளிப்பு தூக்கல், நிறம் வெளிறல். தோல் நாக்கில் வைத்ததும் போய்விட்டது. ஒரு கிண்ணத்தில் எடுத்துப் போய் நானாயிடம் கொடுத்தேன். சுவைத்துவிட்டு, சர்க்கரை இன்னும் ஒரு கரண்டி வேண்டும் என்றார், அதுவும் வாழைக்காய்க்குப் பிறகு. குறித்துக்கொண்டேன்: மொத்தம் நான்கு, கடைசிக் கரண்டி இறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது.